மார்கழி மாறினால் குவாரித் தண்ணீரும் மாறும்



சேமிப்பு, கடன், தவணை என்று பேசும் நம் பக்கங்களில் இந்த முறை தண்ணீரைப் பற்றி எழுதுகிறோம். கண்மாய்த் தண்ணீர், ஊருணித் தண்ணீர் பற்றி அல்ல. பூமியைத் தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீரைப் பற்றி. கல்குவாரிப் பள்ளம், கிராவல் அள்ளிய பள்ளம், கிராபைட் வெட்டிய பள்ளம் என்று நம் மாவட்டத்தில் பள்ளங்களுக்குக் குறைவில்லை. அந்தத் தண்ணீர் எந்த மாதத்தில் அதிகக் கெடுதி, எந்த மாதத்தில் குறைவு என்பதை நம்ம ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும்தான் முடிவு செய்கின்றன. அந்தப் பருவமோ இப்போது முன்னைப் போல இல்லை.

இது நாம் எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான். 2016-ஆம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்தன. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தை விட 62 சதவீதம் குறைந்தது. 2021-ல் நேர் எதிராக, பொங்கல் நெருங்கும்போது மழை கொட்டி, அறுப்புக்கு நின்ற கதிர் வயலிலேயே முளைவிட்டது. 2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். அன்று காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை. நம்ம சிவகங்கை மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 90 செ.மீ. தான்! பனி விழ வேண்டிய மாதத்தில் வெள்ளம், மழை பெய்ய வேண்டிய மாதத்தில் வெயில்.

"பருவம் மாறினா வெள்ளாமை கெடும், அது தெரிஞ்ச விஷயம். குவாரித் தண்ணிக்கு அதனால என்ன?" என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் நம்ம அடுப்படிக்குப் போவோம்.

புளியும் பித்தளையும்

பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்க நம்ம அப்பத்தா விடுவாரா? மாட்டார். புளிப்பு பட்டால் பித்தளையில் உள்ள செம்பு கரைந்து குழம்பில் இறங்கும். பச்சையாகக் களிம்பு ஏறும். சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். அதே பாத்திரத்தில் வெறும் தண்ணீரை வைத்தால் அவ்வளவு கெடுதி இல்லை. ஆக, உலோகம் இருப்பது மட்டும் ஆபத்தில்லை. அதைக் கரைக்க ஒரு புளிப்பு வேண்டும்.

பூமிக்குள்ளும் இதே கதைதான். சில பாறைகளுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கல் இருக்கும். உடைத்துப் பார்த்தால் பித்தளைத் தூள் மாதிரி மின்னும். பொன் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. மண்ணுக்கு அடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அது சாதுவாகக் கிடக்கும். சுரங்கம் வெட்டி வெளியே கொட்டினாலோ, வெட்டிய பள்ளத்தில் காற்றும் தண்ணீரும் பட்டாலோ கந்தக அமிலம் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் இந்த வேலையை இன்னும் வேகமாக்குகின்றன. அந்த அமிலம் பாறையில் உள்ள செம்பு, துத்தநாகம், அலுமினியம் போன்றவற்றைப் புளித்தண்ணீர் பித்தளையைக் கரைப்பது போலக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடும்.

நம்ம பக்கத்துக் கல்குவாரிகள் பெரும்பாலும் கருங்கல் குவாரிகள். அந்தக் கல்லில் கந்தகம் குறைவு. அதனால் எல்லாக் குவாரியும் அமிலம் கக்கும் என்று பயப்பட வேண்டாம். அங்கே பிரச்சினை வேறு. வெடி வைக்கும் மருந்தில் உள்ள நைட்ரேட் உப்பு தண்ணீரில் தங்கும். ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் அது குடிக்கத் தகுதியில்லை. முக்கியமாகக் கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கவே கூடாது. குழந்தையின் ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாய்ந்துவிடும். சில பாறைகளில் நெடுநாள் நிற்கும் தண்ணீரில் புளோரைடும் ஏறும். பல்லில் பழுப்புக் கறை, நாள்பட எலும்பு வலி எல்லாம் அதனால் வருவதே.

குளிர்காலத்தில் நீலமாகும் ஆறு

சுரங்கத் தண்ணீருக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க மேகாலயா மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே ஜெயந்தியா மலையில் லுக்கா என்று ஒரு ஆறு ஓடுகிறது. 2007-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்த ஆறு கருநீலமாக மாறுகிறது. சாயப்பட்டறைத் தொட்டியோ என்று தோன்றும். பார்க்க அழகுதான். ஆனால் மீன்கள் செத்து மிதந்தன. மழைக்காலம் வந்தால் நீலம் போய்விடும், மறுபடி குளிர்காலத்தில் திரும்பி வரும்.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ந்தபோது, மேலே மலையில் உள்ள நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடியும் அமிலத் தண்ணீர்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அந்த மலை நிலக்கரியில் கந்தகம் மிக அதிகம். எலி வளை மாதிரி குறுகலாகக் குடைந்து ஆளை உள்ளே அனுப்பி வெட்டிய சுரங்கங்கள் அவை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் அந்த முறைக்குத் தடை போட்டது. ஆனால் வெட்டிப் போட்ட பள்ளங்கள் அப்படியேதானே இருக்கின்றன! ஆள் இறங்காவிட்டாலும் தண்ணீர் இறங்குகிறது. பக்கத்தில் உள்ள கோபிலி ஆற்றின் நீர்மின் நிலையத்தில் இந்த அமிலத் தண்ணீர் இரும்பு இயந்திரங்களையே அரித்துத் தின்றது.

ஏன் குளிர்காலத்தில் மட்டும் நீலம்? அமிலம் வருஷம் முழுக்க வடிகிறது. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் புரளும்போது அது கரைந்து நீர்த்துப்போகும். குளிர்காலத்தில் ஆறு மெலிந்துவிடும். அப்போது அதே அமிலம் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிறது. குழம்பு வற்றினால் உப்புக் கரிக்கும் அல்லவா? உப்பை நாம் கூடுதலாகப் போடவில்லை, தண்ணீர்தான் குறைந்தது.

இன்னொரு செய்தி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து. அங்கே மலையெல்லாம் பனிக்கட்டி. பழைய தங்கம், வெள்ளிச் சுரங்கங்களும் ஏராளம். கந்தகப் பாறை உள்ள மலைகளிலிருந்து இறங்கும் 22 ஓடைகளின் பழைய கணக்குகளை எடுத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். செம்பு, துத்தநாகம், சல்பேட் ஆகியவற்றின் அளவு 30 ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அதில் பாதிக்குக் காரணம் ஓடையில் தண்ணீர் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் பாறையிலிருந்து உலோகம் முன்பை விட அதிகமாக இறங்கியது. முன்பெல்லாம் உறைந்து கிடந்த மண்ணும் பனியும் பாறைக்குப் பூட்டுப் போட்டிருந்தன. இப்போது பூட்டு இளகிவிட்டது, தண்ணீர் பாறைக்குள் ஆழமாக இறங்குகிறது. புதிதாக ஒருவரும் தோண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பருவம் மாறியதே போதுமானதாக இருந்தது.

நமக்குப் பனிக்கட்டி ஏது? நமக்குப் பூட்டும் மழைதான், சாவியும் மழைதான்.

நம்ம ஊர்க் கணக்கு

சிவகங்கை பக்கம் கோமாளிபட்டி, புதுப்பட்டி வட்டாரத்தில் பூமிக்குள் கிராபைட் இருக்கிறது. பென்சில் குச்சி செய்வதும், உலோகம் உருக்கும் மூசை செய்வதும், பேட்டரிக்குள் போவதும் இதுதான். தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் அங்கே திறந்தவெளியில் வெட்டி, அரைத்து, தண்ணீரில் எண்ணெயும் நுரையும் கலந்து மிதக்கவிட்டுப் பிரித்தெடுக்கிறது. கிராபைட் மேலே மிதக்கும், மண் கீழே தங்கும். கிராபைட் தண்ணீரில் கரையாது. ஆனால் உலகில் பல இடங்களில் கிராபைட் பாறையோடு மேலே சொன்ன கந்தகக் கல்லும் சேர்ந்தே வருவதுண்டு. அதனால் கிராபைட் வெட்டும் இடத்துப் பள்ளமும், கழிவு மண் கொட்டிய மேடும் இருக்கும் ஊரில் கிணற்றுத் தண்ணீரின் புளிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சர்க்கரை இருக்கிறதோ இல்லையோ, 40 வயதுக்கு மேல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறோம் இல்லையா, அதைப் போல.

கல்குவாரிகளோ மாவட்டம் முழுக்க இருக்கின்றன. எவ்வளவு ஆழம் போய்விட்டன என்பதை, 2025 மே 20-ஆம் தேதி சிங்கம்புணரி பக்கம் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தபோது தமிழ்நாடே பார்த்தது. கல் எடுத்து முடிந்ததும் இந்தப் பள்ளங்கள் மழைத்தண்ணீரால் நிரம்பிவிடும்.

சரி, பருவம் மாறும்போது இந்தப் பள்ளங்களில் நடப்பது என்ன?

கோடை நீண்டுபோனால், நீர்மட்டம் இறங்கி, இதுவரை நனைந்து கிடந்த பாறையின் வெடிப்புக்குள் காற்று புகுகிறது. கந்தகக் கல் உள்ள இடமானால் உள்ளே அமில உப்புகள் விளைந்து, பாறை மேல் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் பூத்து நிற்கும். அது அங்கேயே காத்திருக்கும். முதல் மழை வந்ததும் அத்தனையும் ஒரே நாளில் கரைந்து இறங்கும். முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காதே, கூரை கழுவட்டும் என்று நம்ம வீடுகளில் சொல்வார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மழை பிடித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் குவாரிப் பள்ளத்தில் முதல் மழையை ஒதுக்கிவிட வழியில்லை. அதுவும் சேர்ந்துதான் தேங்கும்.

முன்பு அடைமழை என்றால் நாள் கணக்கில் நசநசவென்று பெய்யும். முதல் நாள் இறங்கிய அழுக்கை அடுத்தடுத்த நாள் மழை நீர்த்துப்போகச் செய்யும். இப்போது ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டுப் பத்து நாள் வெயில் காய்கிறது. பள்ளம் நிரம்பி வழிந்தால் கழிவு மண்ணும் சேறும் வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகும். பிறகு வெயிலில் பாறை மறுபடி காய்கிறது, மறுபடி நனைகிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் அமிலம் இன்னும் கூடும்.

மழையே பொய்த்தால்? தை, மாசியிலேயே பள்ளத்துத் தண்ணீர் வற்றத் தொடங்கி, உப்பும் நைட்ரேட்டும் அடர்த்தியாகும். அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் கிணறும் வற்றும். "குவாரியில தண்ணி கெடக்குதே" என்று எல்லோர் கண்ணும் அங்கே போகும். துணி துவைக்க, மாடு குளிப்பாட்ட, ஆடு தண்ணீர் காட்ட என்று ஆரம்பித்து லாரியில் ஏற்றி விற்பது வரை வந்துவிடும். ஆக, தண்ணீர் மோசமாக இருக்கும் மாதமும், நாம் அதைத் தேடிப் போகும் மாதமும் ஒன்றாகிவிடுகின்றன. நம் கவலை இதுதான்.

2016 மழை பொய்த்து 2017-ல் சென்னை நகரமே தவித்தபோது, மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் தண்ணீரைக் குடிநீர் வாரியம் எடுத்தது. 2019 வறட்சியிலும் எடுத்தார்கள். ஆனால் முதலில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள், பிறகு சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தம் செய்து கொடுத்தார்கள். நகரத்துக்குச் செய்ததைக் கிராமத்துக்கும் செய்யச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

நெய்வேலிப் பக்கம் 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு ஒரு ஆய்வை வெளியிட்டது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின்நிலையமும் உள்ள வட்டாரத்தில் தண்ணீரில் பாதரசம் இருப்பதாகச் சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிகளிலும் பலவற்றில் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்தது. குடிநீரில் பாதரசத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இதை நாக்கும் கண்டுபிடிக்காது, மூக்கும் கண்டுபிடிக்காது.

கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே?

இந்தத் தவறான எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். ஆழமான பள்ளத்தில் தண்ணீர் பச்சை நீலமாக, அடி தெரியும் அளவுக்குத் தெளிந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதில் தவளை இருக்கிறதா, மீன் இருக்கிறதா, ஓரத்தில் பாசியும் கோரையும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லாத தெளிவு நல்ல தெளிவு இல்லை. தண்ணீர் ஓடும் வழியில் கற்கள் மேல் காவி நிறத்தில் வழவழப்பாகப் படிந்திருந்தால் இரும்பு இறங்குகிறது என்று பொருள். ஆனால் நம்ம செம்புராங்கல் மண்ணிலேயே இரும்பு அதிகம், அதனால் காவியைப் பார்த்ததும் சுரங்கம்தான் காரணம் என்றும் முடிவு கட்டிவிட முடியாது.

இரும்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் கடுக்காய்ப் பொடியோ கசக்கிய கொய்யா இலையோ போட்டு வையுங்கள். தண்ணீர் மை மாதிரி கருநீலமானால் இரும்பு உண்டு. அந்தக் காலத்தில் கடுக்காயில் மை செய்தது இந்த வித்தையில்தான். ஆனால் இது இரும்பை மட்டும்தான் சொல்லும்.

"கொதிக்க வச்சுக் குடிச்சா சரியாப் போயிடும்" என்பது அடுத்த எண்ணம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகமும் நைட்ரேட்டும் சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போவதால் அவை கூடத்தான் செய்யும். தேத்தாங்கொட்டை இழைத்துப் போட்டால் கலங்கல் தெளியும், கரைந்து கிடக்கும் விஷத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியது

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுத்துப் பரிசோதனைப் பெட்டி தர வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் அந்த 5 பேரில் நம் குழுப் பெண்கள்தான் இருப்பார்கள். பெட்டி ஊராட்சி அலுவலக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். மருந்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அந்தப் பெட்டியில் புளிப்பு அளவு, இரும்பு, நைட்ரேட், புளோரைடு, கடினத்தன்மை முதலியவற்றைப் பார்க்கலாம். புளிப்பு அளவைத்தான் பி.எச். என்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். 6.5-க்குக் கீழே இறங்கினால் புளிப்பு. ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடியது என்று அர்த்தம்.

பாதரசம், ஆர்சனிக், ஈயம் போன்றவை இந்தப் பெட்டியில் தெரியாது. அதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில்தான் கேட்க வேண்டும். உலோகம் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கான பாட்டிலும், அதில் முதலிலேயே விட வேண்டிய மருந்தும் வேறு. வீட்டு எண்ணெய் பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனால் பரிசோதனை வீண்.

முக்கியமான விஷயம், ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு "நல்ல தண்ணி" என்று எழுதி வைக்காதீர்கள். லுக்கா ஆற்றை மழைக்காலத்தில் மட்டும் பார்த்தவருக்கு நீலமே தெரிந்திருக்காது. முதல் பெருமழை பெய்த ஓரிரு நாளில் ஒரு முறை, மழை ஓய்ந்து பனி விழும் மார்கழி கடைசியில் ஒரு முறை, கிணறு வற்றும் பங்குனி, சித்திரையில் ஒரு முறை. இந்த மூன்றும் வேண்டும். மார்கழியில் வெள்ளம் வந்தாலோ தையில் மழை பெய்தாலோ அதற்கு மறுநாளும் ஒன்று கூடுதலாகப் பாருங்கள். குழுவின் சேமிப்புப் பதிவேடு மாதிரி இதற்கும் ஒரு நோட்டுப் போட்டு, தேதி, எந்தக் கிணறு, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆகிறது, என்ன அளவு வந்தது என்று எழுதுங்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் எல்லா ஊர் நோட்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் கெடுகிறது என்று வரிசையாகத் தெரிந்துவிடும்.

பணத்துக்கு எங்கே போவது? சுரங்கம், குவாரி நடத்துபவர்கள் அரசுக்குக் கட்டும் தொகையோடு கூடுதலாகக் கட்டும் ஒரு பங்கு, மாவட்ட கனிம அறக்கட்டளை என்ற நிதிக்குப் போகிறது. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த ஏற்பாடு இது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குத்தான் அந்த நிதியைச் செலவிட வேண்டும். அதில் முன்னுரிமை கொடுக்க வேண்டிய வேலைகளில் குடிநீர், மாசுத் தடுப்பு, சுகாதாரம் எல்லாம் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். சும்மா போய் "தண்ணி சரியில்லைங்க" என்று சொன்னால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூன்று பருவத்தின் அளவையும் தேதியோடு எழுதிய நோட்டைக் கையில் கொண்டுபோனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன. அவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், பங்குனி வெயிலில் வருகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள், ஐப்பசி மழையில் வருகிறது. நம் நோட்டில் உள்ள கணக்கைப் படிக்க இந்த இரண்டு நாளும் தோதான நாட்கள். படித்துவிட்டு, குவாரி மற்றும் சுரங்கப் பள்ளங்களுக்கு அருகே உள்ள குடிநீர்க் கிணறுகளை வருஷத்துக்கு மூன்று முறை உலோகப் பரிசோதனை செய்ய வேண்டும், பள்ளத்தைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று இரண்டு தீர்மானங்களையும் எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.